சரோஜா அக்கா பறக்கவிடாத பேட்டரி

காலையில் வேலை பிரிக்க எல்லோரும் கூடும் பெரட்டில்தான் செய்தி வந்தது. சரோஜா அக்கா போய்விட்டார். மாரடைப்பாம். "நல்லா பாத்தீங்களா? டாக்டரு சொன்னாங்களா?" என்று செய்தி கொண்டுவந்தவரையே குடைந்தேன். அக்காவோடு வேலை செய்தால் யாருக்கும் அந்தப் புத்திதான் வரும்.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுகிறவன் நான். அதன் பேட்டரிகள் அக்காவின் பொறுப்பு. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பமாட்டார். ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். "லைட்டு பொய் சொல்லும் தம்பி. ஆளுங்க அதவிட நல்லா சொல்லுவாங்க" என்பார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பனிக்காலையில் பேட்டரி குளிரில் விறைத்து, சார்ஜ் ஏறவில்லை. நனைந்த கம்பளியை ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்போரம் போடுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அக்கா வருவதற்குள் பேட்டரியையும் அங்கே வைத்தேன். டீ குடிக்கப் போனவன் பேச்சில் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா அதன் முன்னால் நின்றார்.

"யாரு வச்சது?"

"தெரியாதுங்க அக்கா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிப்போய் வெளியே மணல் குழியில் வைத்தார். தோட்டத்தை நடத்தும் துரை வந்து, பேட்டரி ஆறிவிட்டதே, பறக்கவிடலாமே என்றார். நானும் தலையாட்டினேன்.

"ஒருக்கா வெந்தது மறுபடி வேகாதுன்னு யாருங்க ஐயா சொன்னா? கீழ பொம்பளைங்க கொழுந்து எடுக்குறாங்க."

அந்தப் பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. மத்தியானம் குழியிலிருந்து புகை கிளம்பியது. அடுத்த நொடி ஆளுயரத்துக்குத் தீ.

துரை விசாரித்தபோது, "யாருன்னு தெரியலீங்க ஐயா" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஒங்க வேலைய காப்பாத்திட்டேன். ஆனா இனிமே ஒங்கள நம்பமாட்டேன்."

சொன்னபடியே, மற்றவர்கள் கொடுத்த பேட்டரியை ஒரு முறையும் நான் கொடுத்ததை இரண்டு முறையும் சோதித்தார். கடைசி நாள் வரை அப்படித்தான். அக்காவை அறிந்தவர்களே, இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: அன்று பேட்டரியை அங்கே வைத்தவன் நான்தான்.

இப்போது அக்காவின் பேட்டரி அறை என் பொறுப்பில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பாமைதான். நான் சோதித்து வைத்ததை நானே நம்பாமல், மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.