பிறந்தநாள் வாழ்த்து சொல்லாத ஆபீஸ்

எங்கள் தொழிலில் யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து சொல்லக் கூடாது. வெளிநாட்டு வேலை விசாவுக்குக் காகிதம் சரிபார்ப்பது என் வேலை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். ஆஸ்திரேலியா போக விரும்புகிறவருக்கு வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. முப்பத்து மூன்று வயது நிறைந்த அன்று ஐந்து புள்ளி காணாமல் போய்விடும். கீழே கேக் வாசனை வரும். மேலே நாங்கள் துக்கம் விசாரிப்போம். பாஸ்போர்ட் நகல்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டே சொந்தக் கையெழுத்தை மறந்துவிட்ட வாசகர்களுக்கு இந்த வேதனை புரியும்.

அடிலெய்டில் குளிர்

ரபீக் அனகாபுத்தூர்க்காரர், ஏசி மெக்கானிக். அனுபவக் கடிதங்கள், தொழில் தகுதிச் சான்று, ஆங்கிலத் தேர்வு எல்லாம் கச்சிதம். பெயரைப் பதிந்துவிட்டு ஆஸ்திரேலிய அரசின் அழைப்புக்காகக் காத்திருந்தார். அது வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அவர் போனில் சென்னை வானிலை கிடையாது, அங்கே அவர் போக நினைத்த ஊரான அடிலெய்டின் வானிலைதான். ஏப்ரல் வெயிலில் வியர்த்து வழிய மாடியேறி வந்து, “அங்க குளிரு ஆரம்பிச்சிடுச்சுக்கா” என்று சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார். நான் கிண்டல் செய்வேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நானும் பஸ்ஸில் உட்கார்ந்து அடிலெய்டில் மழையா என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அவர் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறக்கும். ஒன்றுவிடாமல் அண்ணாந்து பார்ப்பாராம். வண்டி ஓட்டும்போதுமா என்று திட்டினேன். அவர் சொன்னார்: “நாம பாக்கலைன்னா அது நம்மள மறந்துடும்க்கா.”

காதைத் தொட்ட கை

அந்த மாதமே அவர் கோப்பைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த தேதி ஜூன் ஒன்று. வரும் ஜூனில் முப்பத்து மூன்று நிறைகிறது. அதற்குள் அழைப்பு வராவிட்டால் ஐந்து புள்ளி குறைந்து, வரிசையில் எங்கேயோ பின்னால் போய்விடுவார். மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். உண்மையில் அவர் பிறந்தது காகிதத்தில் உள்ள அந்த ஜூனுக்கு அடுத்து வந்த டிசம்பரில், அடைமழையில். தேதி அவர் அம்மாவுக்கே நினைவில்லை, மழை மட்டும்தான் நினைவு. பள்ளியில் சேர்க்க வயது போதாது என்றதும் அவருடைய அத்தா கெஞ்சியிருக்கிறார். தலைமையாசிரியர், தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். பையன் தொட்டுவிட்டான். வயது கணக்குக்குச் சரியாக வரும்படி ஜூன் ஒன்று என்று எழுதியாகிவிட்டது.

எல்லாச் சான்றிதழிலும் அதே தேதி. இப்போது மாற்றக் கிளம்பினால் மொத்தக் கோப்பின் மேலும் சந்தேகம் வரும் என்றேன். ரபீக் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாக்கா பேஜாரு இது! அன்னிக்கு காது எட்டாம இருந்திருந்தா இன்னிக்கு ஆஸ்திரேலியா எட்டியிருக்குமே!”

ஒரு ஜன்னல்

மிச்சமிருந்தது ஒரே வழி. மனைவியும் ஆங்கிலத் தேர்வில் தேறினால் அவர் பங்குக்கு ஐந்து புள்ளி கிடைக்கும். ஷமீமா மழலையர் பள்ளி ஆசிரியை. இத்தனை மாதத்தில் அவரிடம், போக விருப்பமா என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. எனக்கு வெட்கமாக இருந்தது. வந்தார், படிவத்தை முழுக்கப் படித்தார், “எழுதறேன்” என்றார்.

பேச்சுத் தேர்வில், வாழ விரும்பும் இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். தேர்வு முடிந்து இருவரும் நேரே ஆபீசுக்கு வந்தார்கள். “அடிலெய்டுன்னுதானே சொன்னே?” என்று ரபீக் பதறினார். ஷமீமா நிதானமாகச் சொன்னார்: “ஊர் பேரே சொல்லலீங்க. மேல பிளைட்டு போகாத ஒரு வீடு, அதுல ஒரு ஜன்னல், அதைத் திறந்து வெச்சாலும் நாம பேசறது நமக்குக் கேக்கணும்னு சொன்னேன்.”

டிசம்பர்

ஜூன் ஒன்று வந்தது, அழைப்பு வரவில்லை. ஐந்து புள்ளி போனது. ஆபீசில் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறு வாரம் ஷமீமாவின் மதிப்பெண் வந்தது, கணவரைவிட அதிகம். போன ஐந்து திரும்பிவிட்டது. அப்புறம் மறுபடியும் காத்திருப்பு.

டிசம்பரில் அனகாபுத்தூர் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் நடந்து, பிளாஸ்டிக் உறைக்குள் கோப்பைச் சுற்றிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அழைப்பு வந்திருந்தது. இன்னும் மருத்துவச் சோதனை, போலீஸ் சான்று என்று பாக்கி நிறைய இருந்தது, இருக்கட்டும். டிசம்பர், அடைமழை, இதைவிடச் சரியான தேதி அவருக்கு எங்கே கிடைக்கும்? கீழே ஓடிப்போய் ஒரு கேக் வாங்கி வந்தேன். அலுவலக விதியை மீறி வாழ்த்தும் சொன்னேன். அப்போது மேகத்துக்குள் ஒரு விமானம் உறுமிக்கொண்டு போனது. ஷமீமா ஜன்னலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ரபீக் மட்டும் குனிந்தே இருந்தார். ஏன் என்று கேட்டேன். “பயமா கீதுக்கா. இனிமே அது நம்மள மறக்காது.”

ஆக, எங்கள் தொழிலில் ஒருவர் எப்போது பிறந்தார் என்பதைத் தலைமையாசிரியரும் எங்கே வாழ்வார் என்பதை மனைவியின் ஆங்கிலமும் முடிவு செய்துவிடுவதால், எனக்கு மிஞ்சுவது கேக் வெட்டும் வேலைதான்.