பலம் கேட்டேன், உறக்கம் கிடைத்தது

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சந்தையில் மீன் விற்கிறவள் நான். சத்தம் போடத் தெரியும், சாட்சி சொல்லத் தெரியாது. ஆனாலும் 2009-ல் எனக்கு நடந்ததைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. கணவர் பஹ்ரைனில் கடல் தொழிலில் இருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. விடியுமுன் கரையில் மீனை ஏலம் எடுத்து, சருவப் பாத்திரத்தில் நிறைத்து, வேனில் புதுக்கடை சந்தைக்குப் போவேன். விற்றுவிட்டு வந்து மாமியைக் குளிப்பாட்ட வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சாயங்காலம், எங்கள் தெருக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தின் வீட்டுச் செபம். அதற்கும் நான்தான் தலைவி. “பிலோமினா இருக்காளே, அவ பாத்துக்கிடுவா” என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமைதான்.

சில மாதங்களில் உடம்பு விட்டுப்போனது. படுத்தால் உறக்கம் வராது, நின்றால் கண் இருட்டும். மீன் வாங்க வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன். மகள் ‘அம்மா’ என்று கூப்பிட்டாலே கோபம் வந்தது. செபமாலையைக் கையில் எடுத்தால் அழுகைதான் வரும். செத்துப்போனால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

நம் கடற்கரை வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. ஏதாவது வேண்டுமென்றால் நேர்ச்சை நேர்வோம். நானும் பலம் வேண்டி அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை பட்டினி நேர்ந்தேன். பலம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் பட்டினி என்று கூட்டினேன். அப்படியும் வரவில்லை. அதற்குமேல், சனிக்கிழமைதோறும் மாதா குருசடிக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்கிறேன் என்றும் நேர்ந்தேன். உடம்பு தளரத் தளர, என் விசுவாசம் போதவில்லை என்றுதான் நினைத்தேனே தவிர, வயிறு காய்கிறது என்று நினைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையில் சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் மீன் விற்ற பெண்கள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடது கை மரத்துக் கிடந்தது. பிரஷர் பார்த்த டாக்டரம்மா என்னைத் திட்டவே செய்தார்.

“இந்தத் தடவ தப்பிச்சிட்டீங்க. இப்படியே ஓடுனா, உங்க மாமியார் பக்கத்துல உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும்.”

நானும் விழுந்தால் இரண்டு பேரையும் என் மகள்தான் பார்க்க வேண்டும். அவள் படிப்பு அத்தோடு போகும்.

ஆனால் பாருங்கள் என் புத்தியை. மறுநாள் பங்குச்சாமியாரிடம் போய் நான் அழுதது நோயைப் பற்றி அல்ல. “ஆஸ்பத்திரில கஞ்சி குடிக்க வச்சிட்டாவ ஃபாதர். நேர்ச்ச முறிஞ்சு போச்சே” என்றுதான் அழுதேன்.

அவர் என்னைவிட வயதில் சிறியவர். என்னென்ன நேர்ச்சை என்று கேட்டார். மூன்றையும் சொன்னேன்.

“நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் உண்டு அக்கா. மூணையும் மாத்துறேன். இனி தினமும் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டு உறங்கணும். அதுதான் உங்க நேர்ச்சை.”

“மாமிய யாரு பாத்துக்கிடுவா?”

“யார்ட்டயாவது கேட்டீங்களா?”

கேட்டதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனாரிடம்கூடக் கேட்டதில்லை. அவளுக்கு மனசில்லை என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அன்று வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

“நீங்க யாரையும் கிட்ட விடமாட்டிய மைனி. எனக்க அம்மைய நான் பாக்கமாட்டேன்னா சொன்னேன்?”

மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். நான் சாப்பிட்டுப் படுத்தேன். குற்றவாளிபோல இருந்தது. அடுத்த அறையில் அவள் கஞ்சி ஊட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறிப்போய் மாமியிடம் ஓடினேன்.

“உறங்குனியா மக்கா?” என்று குழறிக் கேட்டார்.

“உறங்கினேன் மாமி.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “ஒண்ணு என்னய எடும், இல்லேன்னா இவள கொஞ்சம் உறங்க வையும்னு மாதாட்ட கேட்டுக்கிட்டே கெடந்தேன்.”

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் பலம் பலம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். படுக்கையில் கிடந்த அந்த மனுஷி தன் சாவையாவது என் உறக்கத்தையாவது தரச்சொல்லி அல்லவா கேட்டிருக்கிறார். ஆண்டவர் அவரை எடுக்கவில்லை. என்னைத்தான் உறங்க வைத்தார்.

அதற்குப் பிறகும் மாமி சில வருடங்கள் எங்களோடு இருந்தார். அன்பியத் தலைமையை இன்னொரு சகோதரியிடம் கொடுத்தேன். முதலில் மனசு கூசியது, பிறகு பழகிவிட்டது. பிரஷர் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். மகள் படிப்பை முடித்தாள்.

உடம்பு தளர்ந்து, வெளியே சொல்லாமல், இன்னும் இன்னும் என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், தருவார். உங்கள் வீட்டில் இருக்கிறவர்களிடமும் வாய் திறந்து கேளுங்கள். உங்களுக்காக ஏற்கெனவே அங்கே ஒருவர் செபித்துக்கொண்டிருக்கலாம்.