ஹெலிகாப்டரில் எர்மின் அக்காவின் இருக்கை

என் வேலை மனிதர்களை எடை போடுவது. சிரிக்காதீர்கள். மொன்செராட் தீவின் சின்ன விமான நிலையத்தில், ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைத் தராசில் ஏற்றி, கைப்பையோடு சேர்த்து எடையைக் குறித்து, யார் எந்த ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று சொல்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். தராசில் ஏறியதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறிய ஒரு அம்மாளும் உண்டு. மூச்சை அடக்கினால் எடை குறையாது, மயக்கம்தான் வரும் என்று முகத்துக்கு நேராகவே சொல்வேன். டெல்ஃபினுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும்.

ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறேன், நான் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஹெலிகாப்டர் சுற்றிக் காட்டுவது எங்கள் எரிமலையை. எரிமலை புதைத்த தலைநகரத்தை. அதற்கு மேலே, மலைச்சரிவில் இருந்த எங்கள் ஊர் டேலிஸ் மேட்டை. வெளியூர்க்காரர்கள் இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்து ரொம்ப அழகு என்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி அடுத்த ஆளைத் தராசுக்குக் கூப்பிடுவேன்.

போன மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, இங்கிலாந்துப் பேச்சுவாடையோடு ஒரு பெண் வந்து சனிக்கிழமைக்கு இரண்டு இருக்கை கேட்டாள். அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாளாம், அதற்குப் பரிசாம், லெஸ்டரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார்களாம். தன் பெயர் கெசியா என்றாள். அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். எர்மின் டுயிட் என்றாள். என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

எர்மின் அக்கா டேலிஸ் மேட்டின் கல்யாணச் சமையல்காரி. எங்கள் தீவில் கல்யாணமோ சாவோ, ஆட்டுச்சாறு இல்லாமல் நடக்காது. முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, பெரிய இரும்புப் பானையில், கிராம்பு மணக்க மணக்கக் கொதிக்கவிட வேண்டும். அக்காவின் பானைதான் ஊரிலேயே பெரியது. கப்பலில் கழித்துப் போட்ட ஒன்றை அவள் கணவர் ஓஸ்மண்ட் லாரியில் ஏற்றி வந்து, இரண்டு பக்கமும் காது வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். மூடியும் அவரே செய்ததுதான். அதன் கைப்பிடி கோணலாக இருக்கும். அக்கா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாதிரியார் பிரசங்கம் கேட்பதுபோல் முழுவதையும் கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு லாரியை எடுப்பார். அவ்வளவுதான் அவர்கள் சண்டை.

மலை புகைய ஆரம்பித்ததும் எங்களை வடக்கே அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். எரிமலைக்குப் பயந்து கதவைப் பூட்டிய ஜனங்கள் நாங்கள். எர்மின் அக்கா தட்டுகள் இருந்த பெட்டியின்மேல் பானையின் மூடியைப் போட்டுக் கட்டி எடுத்து வந்தாள். பானை கனம் என்று முற்றத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள். மூன்று வாரம் ஒரு வருடத்துக்கும் மேல் நீண்டது. தேவாலயத்துக் கூடத்தில், கட்டிலுக்குக் கட்டில் போர்வையைத் தொங்கவிட்டுச் சுவராக்கிக்கொண்டு வாழ்ந்தோம். ஒரு போர்வைக்கு அந்தப் பக்கம் அக்காவும் ஓஸ்மண்டும் குழந்தை கெசியாவும், இந்தப் பக்கம் நான். எனக்கு ஃபெர்டியோடு கல்யாணம் நிச்சயமாகி, ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் காலையில் மலை அமைதியாக இருந்தால் யாராவது உள்ளே போய்விட்டு வருவார்கள். கேரட் பிடுங்க, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க, சும்மா வீட்டைப் பார்க்க. போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்ததால், போகிறவர்களுக்குப் பயம் விட்டுப்போனது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, ஆட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று ஓஸ்மண்ட் போனார். அன்றைக்கு மதியம் எரிமலை வெடித்து, நெருப்பும் சாம்பலுமாக ஊர்மேல் இறங்கி வந்தது. அவர் கிடைக்கவே இல்லை, லாரியும் கிடைக்கவில்லை.

என் கல்யாணம் தள்ளிப்போய், விருந்தில்லாமல் ஆறே பேரோடு முடிந்தது. அதற்குள் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்கு விமானம் ஏறிவிட்டாள். நான் இரண்டு கடிதம் போட்டேன், ஒரு கிறிஸ்துமஸ் அட்டையும் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை. இங்கிலாந்துக் காற்று பட்டதும் பெருமை ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இருபத்தெட்டு வருடம் சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலியில் பக்கவாட்டில் சாய்ந்து நடந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் இங்கே வேலை செய்வது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. நலமா என்றுகூடக் கேட்காமல், அந்த இரண்டு இருக்கையும் வேண்டாம், ரத்து செய் என்றாள். செய்தேன். புதன்கிழமை மறுபடி வந்து, போகிறேன் என்றாள். அந்த ஹெலிகாப்டரில் ஜன்னல் திறக்குமா, டேலிஸ் மேட்டுக்கு மேலே எவ்வளவு தாழ்வாகப் பறக்கும் என்று துருவித் துருவிக் கேட்டாள். எனக்கு எரிச்சல். வேண்டுமானால் இறங்கி டீ குடித்துவிட்டே வரலாம் என்றேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் என் மேசைக்கு முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள். அக்கா மறுபடி வேண்டாம் என்றாள். அப்பாவைப் பற்றித் தனக்கு ஞாபகம் இருப்பதே ஒரு தொப்பிதான், அவர் கிடக்கும் இடத்தை ஒரு தடவை பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லையா என்று கெசியா அழுதாள். லெஸ்டரில் அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபது வருடம் படுக்கைவிரிப்பு துவைத்ததையும், ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் எல்லோரும் ஆட்டுச்சாறு குடிக்கும்போது அம்மா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவதையும், எதைக் கேட்டாலும் பதில் வராது என்பதையும் மூச்சுவிடாமல் என்னிடம் சொன்னாள். அக்கா கைப்பையைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில், சரி, வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலையுச்சியில் ஒரு மேகமில்லை. கெசியாவை எடை போட்டேன். பிறகு அக்கா தோளில் ஒரு துணிப்பையோடு தராசில் ஏறினாள். ஆளைப் பார்த்தால் எழுபது கிலோ இருக்கலாம், முள் எழுபத்தாறைக் காட்டியது. பையில் என்ன கல்லா என்று கேட்டேன். அவள் பையை இறுக்கிக்கொண்டாள். கனமான சாமான் ஏற்றக் கூடாது, அது விதி, நானே வாங்கிப் பிரித்தேன். உள்ளே பழைய துண்டில் சுற்றிய ஓர் இரும்பு மூடி இருந்தது. கைப்பிடி கோணலாக இருந்தது.

"எதுக்குக்கா இது?"

"வீட்டுக்கு மேல போகும்போது ஜன்னல் வழியா போட்டுடறேன். நீ கண்டுக்காத."

"அதுல இருந்து ஒரு காகிதம்கூடப் போடக் கூடாதுக்கா. ஜன்னலே திறக்காது."

அக்கா தராசின் மேலேயே நின்றாள். இறங்கவில்லை. கெசியா அம்மாவின் கையைப் பிடித்து, இது என்ன என்று கேட்டாள். பானை மூடி என்றாள் அக்கா. பானை எங்கே என்று கேட்டதற்கு, அங்கேதான் இருக்கிறது, உன் அப்பாவோடு, என்றாள்.

"அப்பா ஆட்டுக்குத் தீனி போடப் போனாருன்னுதானம்மா சொன்ன?"

"ஆடு ஏதுடி? ஆட்டையெல்லாம் அதுக்கு முந்தின வாரமே இங்க ஓட்டிட்டு வந்தாச்சு. பானைக்குத்தான் போனாரு. வெளிய தெரிஞ்சா யாராவது தடுப்பாங்கன்னு ஆட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. நான்தான் அனுப்பினேன்."

எதற்குப் பானை என்று நான் கேட்டிருக்கவே கூடாது, கேட்டேன். அக்கா முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"உன் கல்யாணத்துக்கு. தேவாலயத்துல எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது நீ சொன்ன. எர்மின் அக்கா அலுமினியச் சட்டியில ஆட்டுச்சாறு வைக்கப் போறாங்களாம், அது கல்யாணச் சாப்பாடில்ல, ஆஸ்பத்திரிச் சாப்பாடுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பொறுக்கல. காலைல அவர எழுப்பி, மலை அமைதியா இருக்கு, போய் எடுத்துட்டு வாங்கன்னேன். நாளைக்குப் போறேன்னாரு. நான் விடல டெல்ஃபின். தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுட்டு கேட்டுட்டே நின்னாரு. அப்புறம் போட்டுட்டுப் போனாரு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மாதிரி நான் ஒரு நாளைக்குப் பத்து சொல்கிறவள். சொல்லி, சிரித்து, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். அவள் அந்த ஒரு வாக்கியத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் இருபத்தெட்டு வருடம் வைத்திருக்கிறாள். அவளைத்தான் பெருமைக்காரி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கெசியா அம்மாவின் கையை விட்டுவிட்டு, கதவைத் திறந்து வெளியே போய், ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றாள். பைலட் கையைத் தூக்கி நேரமாகிறது என்று காட்டினான். அக்கா தராசிலிருந்து மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னால முடியாது. நீ போ."

"நானா?"

"அவளத் தனியா அனுப்ப முடியாது. வீடு எங்க இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு சமாதானம் சொல்ல வேண்டாம். கண்ணுல பட்டத மட்டும் வந்து சொல்லு."

நான் தராசில் ஏறினேன். என் எடையை நானே குறித்து, அக்காவின் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். கெசியாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வடக்கே இருந்தவரை எல்லாம் பச்சை. பள்ளத்தாக்கைத் தாண்டியதும் சாம்பல் நிறம் தொடங்கியது, பிறகு அது மட்டும்தான் இருந்தது. சரிவு முழுக்க ஒரே சாம்பலும் பாறையும், அங்கங்கே புதிதாக முளைத்த புதர்களும். நான் தெருவைத் தேடினேன். ஓடையைத் தேடினேன், ஓடை இருந்தால் அங்கிருந்து வீடுகளை எண்ணிச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தைத் தேடினேன். ஒன்றும் இல்லை. நான் பிறந்த ஊர் அது, எனக்கு எது கிழக்கு என்றே தெரியவில்லை. பைலட் இதுதான் டேலிஸ் மேடு என்று சொன்ன பிறகுதான் அது டேலிஸ் மேடு என்று தெரிந்தது.

கெசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே ஆன்ட்டி, எங்கள் வீடு எது என்று கேட்டாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். நான் கொஞ்சம் புல் முளைத்த ஓர் இடத்தைக் காட்டி, அதோ, அதுதான் என்றேன். அவள் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி, அது பின்னால் போய் மறையும்வரை பார்த்தாள். போன் எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டாள்.

இறங்கியதும் அவள் ஓடிப்போய் அம்மா முன்னால் மண்டியிட்டு அந்தப் படத்தைக் காட்டினாள். புல் முளைத்திருக்கும்மா, பார், என்றாள். அக்கா வெகுநேரம் பார்த்து, மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கெசியா கேட்டாள். சொல்லியிருந்தால் நீ என்கூட இருந்திருப்பாயா என்று அக்கா கேட்டாள். கெசியா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, டாக்ஸி கூப்பிடுகிறேன் என்று எழுந்து வெளியே போனாள். அதுவரை காத்திருந்ததுபோல் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அது இல்லதானே?"

"இல்லக்கா. ஏதோ ஒரு இடத்தக் காட்டினேன். எதுவுமே தெரியல. தெருகூட இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்குக் காட்டியது நல்லதுதான் என்றாள். நான் மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வெளியே டாக்ஸி வந்து நின்றது. அவள் மேசையைப் பிடித்து எழுந்தாள். துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ வெச்சுக்க. உன் கல்யாணத்துக்குத்தான் போனாரு."

அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சீர்ப் பொருள் கொடுப்பதுபோல்தான் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர்கள் லெஸ்டருக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மூடியைக் கொண்டுபோய் எங்கள் சமையலறை மேசையில் வைத்தேன். ஃபெர்டி அதைத் தூக்கிப் பார்த்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, நல்ல இரும்பு, யார் கொடுத்தது என்று கேட்டார். நமக்குக் கல்யாணப் பரிசு என்றேன். அவர் சிரித்தார்.

"மூடி மட்டும் இருக்கு. பானை எங்கடி?"

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.