பாலத்தின் அடிப்பக்கம்

செய்தி வந்தபோது நான் சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக, ஒரு தமிழ் ஐயாவின் முழங்கால் வலியை டொச் என்கிற ஜேர்மன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மலர் அக்காவின் உதவியாளர் ரெகுலா அழைத்தார். "காலையில் மூச்சு நின்றுவிட்டது," என்றார். அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. உள்ளே திரும்பிப்போய் மீதி வலியை எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது.

கோயில் வாசலில் மின் சக்கர நாற்காலியைக் குறுக்கே விட்டு, "உந்தப் பெட்டிக்குள்ள என்ன?" என்று பெட்டியும் பையுமாக வருகிறவர்களையெல்லாம் மறித்தவரை உங்களில் பலருக்குத் தெரியும். சிறுவயதிலேயே இங்கு வந்தவர். தசைநோய் கைகால்களைக் கட்டிப்போட்டாலும், ஊர்க்கதை விடுப்புக் கேட்பதில் அவரை வெல்ல ஆளில்லை.

சில வருடங்களுக்கு முன், வீட்டில் உதவியாளரை வைத்துக்கொள்ள அரசின் இயலாமைக் காப்புறுதி பணம் தரத் தொடங்கியிருந்தது. அக்காவுக்கு எத்தனை மணிநேர உதவி தேவை என்று பார்க்க ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். அக்காவின் அம்மாவுக்கு டொச் ஓடாது. நான் அன்ரி என்று கூப்பிடும் அவருக்காகவே மொழிபெயர்க்கப் போனேன். அன்ரி வீட்டைப் பளிச்சென்று துடைத்து, மகளுக்குப் பட்டுச் சேலை கட்டி, மேசை நிறைய ரோல்ஸும் வடையும் வைத்திருந்தார். வந்தவருக்குக் குறையைக் காட்டலாமோ? என்ன உதவி வேண்டும் என்று கேட்டதற்கு, அக்காவை முந்திக்கொண்டு, "ஒண்டும் வேண்டாம். நான் இருக்கிறன்தானே," என்றார். நானும் அதை அழகாக மொழிபெயர்த்து, இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தச் சேலையை உடுத்த எவ்வளவு நேரம் எடுத்தது என்று அலுவலர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. அந்த வடையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுபடி விண்ணப்பித்தபோது அக்காவே என்னை அழைத்தார். "இந்த முறை சேலையும் இல்லை, வடையும் இல்லை. நீர் அம்மாவுக்கு மட்டும் சொல்லும். நான் என்ரபாட்டுக்குக் கதைக்கிறன்."

உங்கள் சொந்த இலக்கு என்ன என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அக்கா பேர்ண் டொச்சில் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் ட்ராமில் ஒரு பாலத்தைக் கடக்கிறேன். ஆற்றில் படகில் போய் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பதறியது. "அக்கா, சமூகத்தோட சேர்ந்து வாழவேணும் எண்டு சொல்லுங்கோவன்," என்று தமிழில் முணுமுணுத்தேன்.

"அது உம்மட இலக்கு. உம்மட படிவத்தில எழுதும்."

நடப்பதை அன்ரிக்குச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். "நான் இருக்கேக்க ஆரோ ஒருத்தி உன்னைத் தூக்கிறதோ?"

"உங்கட இடுப்பு, நாரி எல்லாம் போட்டுது அம்மா. விழுந்தியள் எண்டால் எங்கள் ரெண்டு பேரையும் ஆர் தூக்கிறது?"

அன்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, காலையில் மகளை எழுப்பி உடுத்திவிட இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று தானாகவே சொன்னார். அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இந்த முறை மணிநேரங்கள் கிடைத்தன. ரெகுலா வேலைக்கு வந்தார்.

அடுத்த கோடையில் ரெகுலாவும் அவருடைய தோழர்களும் அக்காவுக்கு மிதவை அங்கி மாட்டி, காற்றடைத்த படகில் ஏற்றினார்கள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அன்ரியும் வரமாட்டேன் என்றுவிட்டார். இருவரும் தேநீர்ப் போத்தலோடு கரையில் நின்றோம். திரும்பி வந்ததும் பாய்ந்துபோய்க் கேட்டேன்: "என்னக்கா இருந்தது?"

"பெரிசா ஒண்டுமில்லை. ஈரமும் புறா எச்சமும்தான்," என்று சிரித்தார். "ஆனா பாத்தாச்சு. உமக்கென்ன இலக்கு?"

"எனக்கென்னக்கா, ஒண்டுமில்லை."

"அம்மா மாதிரியே சொல்லுறீர்," என்று சொல்லிவிட்டு என்னை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்தப் பார்வையைத்தான். 'ஒண்டும் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் இப்போது நான் உடனே மொழிபெயர்ப்பதில்லை. கொஞ்சம் பொறுக்கிறேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து எல்லோரும் போன பிறகு, "உங்களுக்கு என்ன வேணும் அன்ரி?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பிள்ளை. ஒண்டும் வேண்டாம்."

எழும்பாமல் இருந்தேன். அன்ரி மகளின் சேலையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தப் பாலத்துக்குக் கீழ நானும் ஒருக்கா..." என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி சரியான குளிரோ பிள்ளை?" என்று கேட்டார்.