மாட்டுக்கு விதைத்த கௌப்பி

விசுவமடுவில் இடம்பெயர்ந்து இருந்த வருடங்கள் முழுவதும் என் துணிப்பை கட்டியபடியே கிடந்தது. சண்டை நின்று சமாதானம் வந்து, புளியங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காணிக்குத் திரும்பிய பிறகும் அதை நான் அவிழ்க்கவில்லை. உடுப்பை எடுத்துத் தோய்ப்பேன், காயவைப்பேன், மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைப்பேன். ஒரு அலுமாரி வாங்குவோம் என்று மச்சாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று நான் நினைத்தேன்.

மச்சாள் என் கணவரின் தங்கை. இடம்பெயர்ந்த காலத்தில் மலேரியாவுக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுக்கும் பிள்ளைகள் இல்லை, எனக்கும் இல்லை. கணவர் லொறி ஓட்டினார். சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்த புதிதில் ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஓயாத ஓட்டம். ஒரு நாள் வீட்டில் நின்றால் பெரிய காரியம். ஆகவே காணியில் இருந்தது நாங்கள் இரண்டு பெண்களும் விசுவமடுவிலிருந்து நடத்திக்கொண்டு வந்த மூன்று பசுக்களும்தான்.

மாடுகளை அவிழ்த்துவிட வழியில்லை. காணிக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. சண்டை நடந்த மண், உள்ளே மிதிவெடி. வெடி அகற்றுபவர்கள் பெரிய வீதிப் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வரக் காலம் எடுக்கும் என்றார்கள். வருடக்கணக்காக ஒரு மாடும் வாய் வைக்காததால் பலகைகளுக்கு அப்பால் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றபடியால் ஆனி, ஆடியிலும் பச்சை மாறவில்லை. இப்பால் எங்கள் மண் வெடித்துக் கிடந்தது. கொட்டிலில் நின்ற மாடுகள் நாள் முழுவதும் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

விடிந்ததும் நான் சைக்கிளில் புல்லுக்குப் போவேன். வாய்க்கால் கரை, குளக்கட்டு, வீதியோரம் என்று அலைந்து ஒரு சாக்கு சேர்த்துக்கொண்டு வந்தால் சற்று நேரத்தில் அது முடிந்துவிடும். மறுபடியும் போவேன். ஓடித்திரிந்தால் மனம் ஓரளவு அடங்கியது. சும்மா இருந்தால்தான் காது கூர்மையாகிவிடும். தூரத்தில் ஒரு லொறி இரைந்தாலும் எழும்பிப் படலையடிக்குப் போய்விடுவேன்.

“உங்களுக்கு ஒரு இடத்தில இருக்கேலாது மச்சாள்,” என்பாள் அவள். குற்றமாகச் சொல்வதில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்தே வேலை செய்கிறவள்.

கால்நடைத் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் போனோம். மாட்டை விட்டு மேய்க்க முடியாத இடத்தில் தீனியை வீட்டிலேயே விளைவிக்கலாம் என்றார் அவர். சோளத்தை வரிசையாகப் போட்டு, வரிசைகளுக்கு நடுவே கௌப்பிப் பயறு விதைக்க வேண்டும். கௌப்பி பூத்துப் பிஞ்சு பிடிக்கத் தொடங்கும்போது, சோளத்தண்டு முற்றுமுன், இரண்டையும் பச்சையாகவே வெட்டிக் கலந்து போட வேண்டும். சோளம் மட்டும் என்றால் வயிறுதான் நிறையும். கௌப்பி சேர்ந்தால் பாலும் ஊறும், மண்ணும் தேறும். எல்லாம் விளங்கியது. ‘பச்சையாகவே வெட்டி’ என்ற இடத்தில் மட்டும் மச்சாள் என் கையைக் கிள்ளினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதே கதைதான். விசுவமடுவில் ஒரு சுண்டு அளவு கௌப்பி அவித்து மூன்று பேர் சாப்பிட்டதை அவள் மறக்கவில்லை. மனிதர் தின்கிற பயறைப் பிஞ்சிலே வெட்டி மாட்டுக்குப் போடுவது பாவம் என்றாள். எனக்கு வேறு பயம். கீரையென்றால் சீக்கிரம் பிடுங்கிவிடலாம். சோளம் விதைத்தால் அது வளரும்வரை இங்கேயே இருப்போம் என்று மண்ணுக்கு வாக்குக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். ஆனாலும் நான்தான் விதைப்போம் என்று நின்றேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. சைக்கிள் மிதித்துக் கால் களைத்துப்போனதாகவும் இருக்கலாம்.

கணவர் வவுனியாவிலிருந்து விதை கொண்டுவந்தார். கிணற்றடிக் காணியைக் கொத்தி, வாய்க்கால் பிடித்து விதைத்தோம். அதன் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. முளை வருமுன் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். முளைத்ததும் மயிலுக்குக் காவல் நின்றேன். கௌப்பிக்கொடி சோளத்தண்டைச் சுற்றத் தொடங்கியபோது அது சோளத்தை நெரித்துவிடுமோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அடுத்த நாள் அவை மறுபடி சுற்றியிருந்தன.

அந்த நாட்களில் ஒரு மாட்டு வியாபாரி வந்துபோவார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். நெடுங்காலம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிடுவோம். எங்கள் சிவலைப் பசு சினையாக இருந்தது. அதைத் தரச் சொல்லி வந்த நேரமெல்லாம் கேட்பார். தீனி இல்லாமல் அது எலும்பாகிறதைப் பார்ப்பதைவிடக் கொடுத்துவிடலாம் என்று மச்சாளுக்கு எண்ணம். பயிர் வரட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

பயிரும் வந்தது. வெளிர் ஊதாப் பூ, அதன்பின் விரல் நீளப் பிஞ்சு. வெட்ட வேண்டிய நேரம். கத்தியோடு போன என்னை மச்சாள் வரம்பில் மறித்தாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் காய் முற்றிவிடும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கொடியை மாட்டுக்குப் போடுவோம் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் கத்தியை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அப்படியே நாட்கள் போயின. வாய்க்கால் கரையிலும் புல் கருகிவிட்டது. நான் போய் வெறும் சாக்கோடு வந்தேன்.

ஒரு காலையில் நான் திரும்பி வரும்போது மச்சாள் பின்வேலியடியில் அசையாமல் நின்றாள். சிவலை கயிற்றை அறுத்துக்கொண்டு, வேலியைப் பிரித்து, சிவப்புப் பலகைகளைத் தாண்டிப் போயிருந்தது. இடுப்பளவுப் புல்லுக்குள் அதன் முதுகு மட்டும் தெரிந்தது. நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்து கூப்பிடப் போனேன். பின்னாலிருந்து நானாவின் குரல் வந்தது. அப்போதுதான் அவர் வழமைபோல் பசுவைக் கேட்க வந்திருந்தார்.

“கூப்பிடாதீங்கோ தங்கச்சி. கூப்பிட்டா அது குறுக்கால ஓடி வரும். போன தடத்தாலதான் திரும்பவேணும்.”

அது போன இடத்தில் புல் சாய்ந்து ஒரு கோடுபோலக் கிடந்தது. அந்தத் தடம் தொடங்கும் இடத்தில், பலகைக்கு இப்பால், மற்ற இரண்டு மாடுகளையும் கொண்டுவந்து கட்டித் தீனி போடச் சொன்னார். அவை தின்பது கேட்டால் தனியாக நிற்கிறது துணைக்கு வரும் என்றார். கட்டினோம். தீனிக்கு எங்கே போவது? நான் வெறும் சாக்கைப் பார்த்தேன். திரும்பியபோது மச்சாளைக் காணவில்லை.

வயலில் தண்டு முறிபடும் சத்தம் கேட்டது. மச்சாள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். நல்ல காய் பிடித்த கொடிகளைச் சோளத்தோடு சேர்த்து அடியோடு வெட்டினாள். எதையும் பிரித்து வைக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து மாடுகளின் முன்னால் போட்டுவிட்டு மறுபடி ஓடினாள்.

மாடுகள் தின்றன. சிவலை தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி குனிந்தது. ஓரடி அப்பால் வைத்தது. எனக்கு நிற்க முடியவில்லை. வேலியோரம் போவேன், வருவேன், உட்காருவேன், எழும்புவேன். நானா மட்டும் வாய்க்குள் ஏதோ ஓதியபடி ஒரே இடத்தில் நின்றார். வெயில் உச்சிக்கு வந்தது. மச்சாள் வயலில் பாதியை வெட்டிவிட்டாள்.

அதன் பிறகுதான் சிவலை கத்தியது. இங்கே நின்ற மாடு ஒன்று பதில் கொடுத்தது. சிவலை திரும்பியது. தான் சாய்த்த புல்லின் மேலேயே, வயிறு அசைய அசைய, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்தது. ஒவ்வொரு குளம்பையும் அது தூக்கி வைக்கும்போது என் உயிர் போய் வந்தது. பலகையைத் தாண்டி வந்ததும் முன்னால் கிடந்த கௌப்பியில் வாயை வைத்தது.

மச்சாள் அதன் கழுத்தில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அதே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானா நிலத்தில் குந்திக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அடுத்த முறை வந்தபோது அவர் பசுவைக் கேட்கவில்லை. மிச்சமாக நின்ற பாதியைக் காட்டி, “இதை முத்தவிட்டு எனக்குக் கொஞ்சம் விதை தாங்கோ. எங்கட காணியும் உப்பிடித்தான் கிடக்கு, மாட்டைக் கட்டிவச்சுத்தான் வளக்கவேணும்,” என்றார். கொடுத்தோம். மச்சாளுக்கும் அவள் கேட்ட காய் கிடைத்தது. ஒரு நாள் தேங்காய்ப்பூப் போட்டு அவித்தாள். முற்றிய சோளத்தண்டை மாடுகள் மோந்துவிட்டு ஒதுக்கின. அதன்பின் பிஞ்சிலே வெட்டுவதைப் பற்றி எங்களுக்குள் கதை வரவில்லை. சிவலை பெண்ணாக ஒரு நாகுகன்று ஈன்றது.

வருடாவருடம் விதைத்தோம். மாடுகள் பெருகின. வெடி அகற்றுபவர்கள் எங்கள் பக்கம் வந்து சேருமுன்பே சண்டை திரும்பவும் தொடங்கிப் பாதை மூடப்பட்டது. நானா அதற்கு முன்பே வவுனியாப் பக்கம் போய்விட்டார். பிறகு அவரை நாங்கள் காணவில்லை. லொறி நின்றதால் கணவர் வீட்டோடு இருந்தார். தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாளியால் அள்ளி ஊற்றினோம். என் காது பழையபடி கூர்மையானது. இந்த முறை அதற்குக் கேட்க நிறைய இருந்தது.

கடைசியாக வெளிக்கிட்டது ஓர் ஆவணியில். ஷெல் கிட்ட வந்துவிட்டது. லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போக நேரமில்லை. கொட்டிலில் கயிறுகளை அறுத்துவிட்டுத் திரும்பிய நான், மச்சாள் வயல் படலையை அகலத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்து வைத்ததைக் கண்டேன். உள்ளே சோளமும் கௌப்பியும் பூத்து நின்றன. மாடுகள் ஒன்றின்பின் ஒன்றாக நுழைந்தன. நாங்கள் வெளிக்கிடும்போது ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

அதன்பின் கடற்கரை வரை போனதும், பட்டதும் வேறு கதை. மூன்று பேரும் உயிரோடு செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே வெட்டப் புல் இல்லை, போக இடமில்லை. நான் கூடாரங்களுக்கு நடுவே முள்ளுக்கம்பி வரை நடப்பேன், திரும்புவேன். ஒரு நாள் தண்ணீர் வரிசையில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கண்டோம். எங்களுக்குப் பின்னால் வெளிக்கிட்டவள். போகும் வழியில் எங்கள் காணியைப் பார்த்தாளாம். எங்களுடையவை மட்டுமல்ல, ஊர் மாடுகள் முழுவதும் அந்த வயலுக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தனவாம்.

மச்சாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

“சிவலை நிண்டதோ?”

நின்றது, அந்த வருடத்துக் கன்றும் பக்கத்தில் நின்றது என்றாள் அவள். வரிசை நகர்ந்தது, நாங்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம்.