காங்கேயத்துக்குப் புதுக் காரில், பெருமாநல்லூருக்குப் பழைய காரில்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பெருமாநல்லூரில் இருந்து கிளம்பினோம். காங்கேயம் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு வழிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத உட்கார்ந்தவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நானும் என் மனைவி செல்வியும் கம்பெனி வேலை இல்லாமல் சேர்ந்து போன தூரம் என்று பார்த்தால், எங்களுக்கு இதுவே காசிக்குப் போன மாதிரி.

போன காரியம் கார் மாற்றுவது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய ஆர்டர் நல்லபடியாகப் போன குஷியில், கோயமுத்தூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தேன். இரண்டே சீட்டு, சிவப்பு நிறம், காலை வைத்தால் பறக்கும் என்றார்கள். பறக்கும்தான். பறக்க எங்கே இடம்? பனியன் கம்பெனி வைத்திருப்பவன் போகிற வழியெல்லாம் சாயப்பட்டறைச் சந்தும் இரண்டு பக்கமும் டெம்போ நிற்கிற தெருவும். வண்டியோ தரையோடு தரையாக இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பக்கம் தேய்கிற சத்தத்தில் எனக்குப் பல் கூசும். மூன்று வருஷமும் பல் கூசிக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஆனால் அதற்காக மட்டும் மாற்றவில்லை. போன புதன்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே செல்வி சொன்னாள், “தீபாவளி முடிஞ்சதும் நான் கீர்த்தனா ஊட்டுக்குப் போயர்றேங்க.” கீர்த்தனா எங்கள் ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “நாளெல்லாம் இல்லீங்க. அங்கயே இருந்துக்கறேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சலிச்சுப் போச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். சலிப்புக்கு என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். செல்வியின் பெரியப்பா மகன் பொன்னுச்சாமி மச்சான் காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். அவரிடம் துணிக்கூரையைத் திறந்து மடக்குகிற பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்று இருந்தது. எனக்கே வயசு ஐம்பத்திரண்டு, அது எனக்கும் மூத்தது. அதில் ஒரு நாள் போக வேண்டும் என்று செல்வி எப்போதோ சொன்ன ஞாபகம். மச்சானின் பையனுக்கோ என் சிவப்பு வண்டி மேல் கண். மேற்கொண்டு யாரும் யாருக்கும் தர வேண்டாம், வண்டிக்கு வண்டி என்று போனிலேயே பேசி முடித்தேன். பெண்டாட்டி போகிறேன் என்கிறாள், இவன் கார் மாற்றுகிறானே என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. அப்படித்தான் ஐயா. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

புதுசான அந்தச் சிவப்பு வண்டியில் ஏறியதும் போன் தானாகவே காரோடு சேர்ந்துகொள்ளும். பூலுவப்பட்டி தாண்டுவதற்குள் சாயப்பட்டறையில் இருந்து கூப்பிட்டார்கள், கலர் ஒரு ஷேடு இறங்கிவிட்டதாம். நொய்யல் பாலத்தில் லேபிள்காரர். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஊரில் ஞாயிறாவது திங்களாவது. காங்கேயம் ரோட்டில் நல்லூர் தாண்டியதும், “ஏனுங்க, நேத்து கீர்த்தனாகிட்ட...” என்று செல்வி ஆரம்பித்தாள். நாலு பக்க ஸ்பீக்கரிலும் மணி அடித்தது. பேசி முடித்துவிட்டு, “என்ன சொன்ன புள்ள?” என்றேன். “ஒண்ணுமில்லீங்க” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏசி காற்று அவளுக்கு ஆகாது. எனக்குத் தெரியும். இருந்தும் குறைக்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் காங்கேயம். ஆலைக்குள் நுழைந்ததுமே அவித்த நெல் வாசம். செல்விக்கு முழங்கால் வலி. அந்தப் பள்ளத்துச் சீட்டில் இருந்து அவளை எழுப்ப, நான் இறங்கிச் சுற்றி வந்து இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். கிணற்றில் இருந்து வாளி இறைக்கிற மாதிரிதான். இழுத்தேன்.

“வாங்க மாப்பிள்ள, வா கண்ணு. ஏன் இப்பிடி எளச்சுட்ட?” என்றார் மச்சான். செல்வி சும்மா சிரித்து வைத்தாள். அவர் பையன் சாவியை வாங்கிக்கொண்டு எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டான். வாசலில் இருந்த மேட்டில் அடிப்பக்கம் தேய்கிற சத்தம் கேட்டது. என் பல் கூசவில்லை. அப்பாடா என்று இருந்தது.

பழைய வண்டி வெந்தயக் கலரில் நின்றது. கூரைத்துணி கிழிந்துவிட்டதால் மடக்கியே வைத்திருந்தார்கள். மச்சான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். “பிரேக்க முன்னாடியே மிதிச்சுப் போடோணுங்க மாப்பிள்ள. ஸ்டேரிங்கு சித்த கனமா இருக்கும். பெட்ரோல் டேங்கு மூடி மட்டும் சரியா நிக்காது, ரப்பர் போச்சுங்க.” செல்வி கதவைத் திறந்து, யார் கையும் பிடிக்காமல் தானே ஏறி உட்கார்ந்தாள். சீட்டு உயரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காரியம் பாதி முடிந்துவிட்ட மாதிரி ஒரு நப்பாசை.

பங்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம். மச்சான் சொன்ன மாதிரியே மூடி நிற்கவில்லை, வண்டி ஆடினால் பெட்ரோல் சிந்தியது. திருப்பூர்க்காரன் இதற்கெல்லாம் அசருவானா? துணி வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளுக்குப் பனியன் வேஸ்ட் என்று பெயர். எங்கள் ஊரில் குழாய் ஒழுகினாலும் அதுதான், ஜன்னல் ஆடினாலும் அதுதான், கை துடைக்கவும் அதுதான். செல்வியின் பைக்குள்ளேயே ஒரு பிடி இருந்தது. நன்றாகச் சுருட்டி டேங்க் வாயில் திணித்து, அதன் மேல் மூடியை அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பதினோரு மணி வெயில். மழை மாசம் என்றுதான் பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்பட்டை கழன்றது, கிளட்ச் மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப்போனது. நாற்பதுக்கு மேல் போனால் வண்டியே அழுதது. ஆனால் ஒன்று, அந்தச் சத்தத்தில் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவள் பேசுவதும் கேட்கவில்லை. சிவன்மலை தாண்டியதும் செல்வி கத்தினாள்.

“நான் போறது உங்களுக்கு வருத்தமாங்க?”

“என்ன கேள்வி புள்ள இது? வருத்தமில்லாம இருக்குமா?” நானும் கத்தினேன்.

“பின்ன ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?”

“என்னத்தக் கேக்கறது? போவாதேன்னா நின்னுக்குவியா?”

“நிக்க மாட்டேன்! ஆனா நீங்க கேட்டிருக்கோணும்!”

வீட்டில் குரல் உயர்த்தாதவள். எங்கள் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருபது பெண்களை வேலை வாங்குகிறபோதுகூட ஒரு அதட்டல் போட்டதில்லை. இப்போது காற்றில் பறக்கிற முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியப் பேசினாள். காலையில் கம்பெனி, சாயங்காலம் கம்பெனி, சோறு தின்னும்போது கம்பெனி, படுத்தால் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு ஷிப்மென்ட். “உங்களுக்குப் பக்கத்துல ஆளிருக்குதுன்னாவது தெரியுதுங்களா?” என்றாள். படியூர் வந்தது. வேகத்தடைக்காக நான் காலை எடுக்க, எஞ்சின் சத்தம் அப்படியே அமுங்க, அதே நேரத்தில் செல்வி முழுக் குரலில் சொன்னாள்.

“உங்களப் பாத்தா பாவமா இருக்குதுங்க! ஆனா கூட இருக்க முடியலீங்க!”

பஸ் ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கூரை இல்லாத வண்டியில் எங்கே போய் ஒளிவது? எனக்கு மானம் போனது. அதைவிட, அவள் சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இரண்டு தரம் திக்கி, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சாவியைத் திருகிப் பார்த்தேன், சோக்கை இழுத்துப் பார்த்தேன், கெரகமே என்று ஸ்டீயரிங்கை அடித்தும் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடியது. இளநீர் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது ரூபாய், இரண்டு குடித்தோம். அப்புறம் மொபெட்டில் ஒருவர் நிறுத்தினார். ஜெபராஜ் என்று பெயர் சொன்னார். சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர், நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலை.

“என்ன அண்ணாச்சி, மக்கர் பண்ணுதா?” என்றவர், டேங்க் மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். “வேஸ்ட்டா திணிச்சிய? துணி பிரிஞ்சு நூலு உள்ள போயிருக்கும், பெட்ரோல் எப்படி வரும்?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. “விடுங்க அண்ணாச்சி, திருப்பூர்ல இத செய்யாத ஆளு யாரு? நானும் செஞ்சிருக்கேன். என் வண்டியும் நட்டநடு ரோட்ல நின்னுருக்கு” என்றார். இரண்டு பேருமாகப் பெட்ரோல் குழாயைக் கழற்றினோம். நான் வாயை வைத்து ஊத, பெட்ரோல் தொண்டை வரை ஏறியது. துப்பிவிட்டு மறுபடி ஊதினேன். மூன்றாவது ஊதலில் ஒரு சின்ன நூல் திரள் வந்து விழுந்தது. ரோஸ் நிறம்.

செல்வி அதைக் குனிந்து எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, இது போன மாசம் ரிஜெக்ட் ஆச்சே, அந்த ரோஸுங்க. ஊடு பூரா வந்துது, சோத்துல வந்துது, இப்ப காருக்குள்ளயும் பூந்துருச்சுங்களே!” என்று சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாத சிரிப்பு. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாயெல்லாம் பெட்ரோல் நாற, நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஜெபராஜ் அதைப் பார்த்துவிட்டு, “சரி அண்ணாச்சி, மூடிக்கு ஒரு பாலித்தீன் கவரக் கட்டிக்கிடுங்க. நான் கெளம்புதேன்” என்று நழுவினார். நல்ல மனுஷன்.

“நீ போனா எனக்குப் பயமா இருக்குது புள்ள” என்றேன். இதைச் சொல்ல நான் ஒன்றும் யோசிக்கவில்லை, தானாக வந்தது.

“எனக்கும்தாங்க பயம். அதுக்கோசரம் இருந்துக்க முடியுங்களா?” என்று முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

ஒன்றரை மணிக்குத் திருப்பூருக்குள் வந்தோம். தீபாவளிக் கூட்டம். வண்டி நகர்வதும் நிற்பதுமாக, வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிக்னலில் வடநாட்டுப் பையன்கள் நாலைந்து பேர் புதுத்துணி வாங்கிய பையோடு ஓடிவந்து, “அண்ணா, போட்டோ?” என்றார்கள். செல்வி முடியைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். என்னையும் தோளில் தட்டி, “அந்தப் பக்கம் பாருங்க” என்றாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து யாராவது போட்டோ எடுத்தது மகள் கல்யாணத்தில்தான். இந்தப் போட்டோ இப்போது எந்த ஊரில் யார் போனில் இருக்கிறதோ.

இரண்டரைக்கு வீடு. போவதற்கு ஒன்றரை மணி நேரம், வருவதற்கு மூன்றரை மணி நேரம். போனில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. நான் ஒன்றைத் திருப்பிக் கூப்பிடப் போனபோது செல்வி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, ஓசூருக்கு இதுலயே கொண்டு போய் உட்டுருங்க.”

இருக்கச் சொல்லத்தான் வண்டியை மாற்றினேன், இவள் இதிலேயே போகிறேன் என்கிறாள். “இதுலயா? இருநூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குது புள்ள. ரெண்டு நாளாகும். எங்க நிக்கும்னே தெரியாது.”

“நிக்கட்டுங்க. நின்னு நின்னு போலாம்.” கதவைத் திறந்து தானே இறங்கினாள். “அங்க போனதுக்கப்பறம் திரும்பி வர்றதும் இருக்கறதும் உங்க இஷ்டமுங்க. நான் கூப்புட மாட்டேன்.”

ஊர் திரும்பியவர்கள் வழக்கமாக, எங்கே போனாலும் நம் வீடு மாதிரி வராது என்று எழுதுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. இந்த வீட்டில் பேச முடியாததைத்தான் நாங்கள் ரோட்டில் கத்திவிட்டு வந்தோம். தீபாவளிக்கு மறுநாள் கிளம்புவதாக முடிவு. செல்வி நேற்றே பெட்டியை எடுத்துவிட்டாள். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து அளவு பார்த்தோம், ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருக்கிறது. அதில் என் சட்டை நாலையும் வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்க வேண்டும். காலையில் இருந்து இரண்டு தரம் அவள் பெட்டி அடுக்குகிற அறை வாசல் வரை போய்விட்டு வந்துவிட்டேன்.