றோலண்ட் பார்த்து வைத்த பிளேன்

லொறிக்கார றோலண்டுக்குக் கோபம் வந்தால் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டயகமப் பக்கத்தில் ஒருவரும் எதிரே நிற்கமாட்டார்கள். தேயிலை ஸ்டோர் கதவை உதைத்திருக்கிறான், பாதிரியாரிடமே வாய்க்கு வாய் பேசியிருக்கிறான். அதெல்லாம் தப்பு, அவனே ஒத்துக்கொள்வான். ஆனால் அந்தப் பிளேன் விஷயத்தில் அவன் பட்ட கோபத்தைத் தப்பென்று சொல்லத் தோட்டத்தில் எவருக்கும் வாயில்லை.

அப்போது தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரச் சின்னதொரையிடம் ரேடியோவால் ஓட்டுகிற விளையாட்டு பிளேன்கள் இரண்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரையும் பிளேன்களையும் றோலண்ட்தான் லொறியில் ஏற்றிப்போவான். தேயிலைச் செடிமேல் இறங்கினால் பிளேன் கிழிந்துபோகும் என்பதால், கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடக்கும் மலையாகப் பார்த்துத்தான் விடவேண்டும். பங்களாவில் வேலைபார்த்த மூக்கன் பிளேனைத் தூக்கிவருவான். வாலைத் திருப்புவதற்கென்று உள்ளே இருக்கிற ரப்பரை முறுக்கி, சுவிச்சைப் போட்டு, எஞ்சினைச் சுண்டிவிடுவதும் அவன்தான். தொரை கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதில் நீளமாக ஒரு கம்பியும் ஒரே ஒரு பொத்தானும். பொத்தானை ஒருதரம் அமுக்கிப் பிடித்தால் பிளேன் வலதுபக்கம் திரும்பும், இரண்டுதரம் என்றால் இடது, கையை எடுத்தால் நேரே போகும். ஒருநாள் தொரை என்ன நினைத்தாரோ, பெட்டியை நீட்டி ஒரேயொரு தடவை அமுக்கச் சொன்னார். றோலண்ட் அமுக்கினான். எங்கோ உயரத்தில் போன பிளேன் அவன் விரலுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது. அதோடு அவன் கெட்டான். அவன் பெண்சாதி பவுலின்கூடச் சொல்லுவாள், "செபம் சொல்லுற நேரத்துலயும் கூரையத்தான் பாக்குறீங்க" என்று.

அறுபத்திரண்டில் சின்னதொரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பினார். கிளம்புகிற தொரை பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கம். முதல்நாளே எல்லாவற்றையும் வராந்தாவில் பரப்பி விலை எழுதி வைத்துவிடுவார்கள். பார்க்க யாரும் போகலாம், வாங்குவதற்குத்தான் வரிசை. முதலில் பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார், அப்புறம் கிளாக்கர்மார், டீமேக்கர், மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, அதற்கும் பிறகுதான் டிரைவரும் பங்களா ஆட்களும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி சாமான் வாங்கவும் தராதரம் பார்த்து நிற்கவேண்டும். இந்தக் கேடுகெட்ட வழக்கத்தை எவன் கொண்டுவந்தானோ.

பார்க்கிற நாளில் றோலண்ட் பிளேன்களையே சுற்றிச்சுற்றி வந்தான். ஒன்று செவப்பு, றெக்கை கீழே வைத்தது, பளபளவென்றிருந்தது. இன்னொன்று மஞ்சள். றெக்கை மேலே, தடிமனாக, இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. விலை செவப்பில் பாதிகூட இல்லை.

"செவப்ப எடுங்கண்ணே, பாக்க ராசா மாதிரி இருக்கு" என்றான் மூக்கன்.

"அது அவசரக்காரன்டா. கொஞ்சம் அசந்தா கவுந்துரும். நானும் அவசரக்காரன், ரெண்டும் ஒண்ணா சேந்தா வெளங்குமா? இது மெதுவாத்தான் போவும். மேல றெக்க வச்சதுனால கைய விட்டாலும் தானா நிமிந்துக்கும். ஒட்டுப்போட்டதுதானே, விழுந்தா இன்னொரு ஒட்டு போட்டுக்கலாம்."

தன் அவசரபுத்தியையும் காசையும் சேர்த்து எடைபோட்டு அவன் எடுத்த முடிவு அது. வாழ்க்கையில் அவன் அவ்வளவு நிதானமாக எதையும் யோசித்ததில்லை. பவுலினும் முகம் சுளிக்காமல் ஆட்டுக்குட்டி விற்ற காசைக் கொடுத்தாள். ஆனால் அந்த ஒட்டை அவன் தடவிக்கொண்டு நின்றதைப் பெரிய கிளாக்கர் செல்லசாமி பார்த்துவிட்டார்.

மறுநாள் செவப்பைப் பக்கத்துத் தோட்டத்துத் தொரை கொண்டுபோனார். பிறகு செல்லசாமி உள்ளே போனார். திரைச்சீலை, பீங்கான், மேசைவிளக்கு என்று அள்ளிக்கொண்டே வந்தவர், மஞ்சள் பிளேன்மேல் கையை வைத்தார். வேலிக்கு வெளியே நின்ற றோலண்டுக்குப் பொறுக்கவில்லை.

"கிளாக்கரய்யா, அது நான் பாத்து வச்சதுங்க."

"பாக்குறதுக்குக் காசில்லப்பா, நல்லா பாத்துக்க. வீட்டுல கட்டித் தொங்கவிட்டா நல்லாருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாம் தெரிந்த சின்னதொரை பைப்பைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. அவன் முறை வந்தபோது டோர்ச்லைட்டுகளுக்கு நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி கிடந்தது. என்ன ஏதென்று தெரியாமல் கிளாக்கர் விட்டுவிட்டிருந்தார். றோலண்ட் அதை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தான்.

பெட்டி இல்லாமல் பிளேன் சொன்னபடி திரும்பாது என்ற விஷயம் மூக்கன் வாயிலாகக் கிளாக்கருக்குத் தெரிந்ததும், அதைக் கேட்டு ஆள்மேல் ஆள் வந்தது. கடைசியில் அவரே றோலண்டை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"பெட்டியக் குடுத்துரு."

"பிளேனக் குடுங்க. நீங்க குடுத்த காச நான் தந்துர்றேன்."

"லயத்துல இருக்கவனுக்கு எதுக்குப்பா பிளேன்?"

பிளேன் கிளாக்கர் வீட்டு முன்னறையில் கொக்கியில் தொங்கியது. பெட்டி, தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், றோலண்டின் கட்டிலடியில் கிடந்தது. லயத்துல இருக்கவன் என்ற சொல் மட்டும் அவன் நெஞ்சில் தைத்தபடி இருந்தது.

மழை முடிந்து, தோட்டத்து மேனேஜராகப் புதுப் பெரியதொரை வந்தார். அவரை வரவேற்கக் கவ்வாத்து மலையில் கூடாரம் போட்டு விருந்து வைத்தார்கள். தொரை முன்னால் பிளேன் விட்டுப் பேர்வாங்க கிளாக்கருக்கு ஆசை வந்துவிட்டது. "எஞ்சின் இருக்கு, றெக்க இருக்கு, பெட்டி என்னத்துக்கு?" என்று மூக்கனிடம் புது பேட்டரி வாங்கிக் கொடுத்தார். நாற்காலிகளை ஏற்றிவந்த றோலண்ட் லொறிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பிளேன் விடப்போவது மூக்கன் சொல்லித் தெரிந்து, அவனும் பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு எடுத்து வந்திருந்தான். அன்றைக்கு அதை வீட்டில் விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை.

மூக்கன் பழக்கதோஷத்தில் ரப்பரை முறுக்கினான், சுவிச்சைப் போட்டான், எஞ்சினைச் சுண்டிக் கைவிட்டான். பிளேன் ஏறியது. கொஞ்சதூரம் போனதும் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த சரிவை நோக்கி இறங்கியது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். றோலண்ட் கம்பியை லொறி ஜன்னலுக்கு வெளியே இழுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

பிளேன் பணிந்து திரும்பியது. தானாக நிமிர்ந்து மேலே ஏறியது. அவன் அதைக் கூடாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவந்தான், பிறகு மறுபக்கம் ஒரு வட்டம். தான் பார்த்து வைத்தது சரிதான் என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூடாரத்தில் கைதட்டினார்கள். "எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சார்" என்று கிளாக்கர் பெரியதொரைக்குக் குனிந்து சொன்னது லொறிவரை கேட்டது.

மொட்டை மலையில் பூப்போல இறக்கியிருக்கலாம். இறக்கினால் திரும்பவும் அந்தக் கொக்கிக்குத்தான் போகும். றோலண்ட் பிளேனின் மூக்கை எதிர்மலைக் காட்டுக்கு நேரே திருப்பினான். பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். அது ஆடாமல் அசையாமல் நேராகவே போனது. எஞ்சின் சத்தம் மெலிந்து, காட்டுக்குமேல் நின்றுபோனது. லொறிக்குள் குனிந்து அவன் வாய்விட்டு அழுதான்.

கிளாக்கர் இரண்டுநாள் ஆளை விட்டுக் காட்டில் தேடியும் பிளேன் கிடைக்கவில்லை. அதன்பிறகு றோலண்ட் பெட்டியைக் கொண்டுபோய்க் கிளாக்கர் வீட்டுப் படியில் வைத்தான்.

"பெட்டி கேட்டீங்களே, கிளாக்கரய்யா."

செல்லசாமி பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அன்று மலையில் நடந்தது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இத வச்சு இனி நான் என்னப்பா பண்றது?"

"கொக்கி சும்மாதானே கெடக்கு" என்றான் றோலண்ட். "கட்டித் தொங்கவிடுங்க. நல்லாருக்கும்."